பார்க்காதவர்களின் சாட்சி

நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் தெருவில் எந்த வீட்டு ஜன்னலுக்கும் திரை கிடையாது. தெருவை ஒட்டிப் பெரிய கண்ணாடி. உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருக்கும். வந்த புதிதில் நான் மட்டும் திரை தைத்து மாட்டினேன். பக்கத்து வீட்டு அன்னெகே கதவைத் தட்டி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்ப்பார்களே என்றேன். எதற்குப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே புரியாமல் கேட்டாள். எங்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கிவிட்டுப் போன டச்சுக்காரர்களின் வம்சம் அவள்.

என் அக்கா மல்லிகா, பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். மார்பளவு தண்ணீரில் நகர்ந்து நகர்ந்து சேற்றைத் தடவி, அகப்பட்டதை வாயில் கவ்வியிருக்கும் பறி என்னும் ஓலைக்கூடைக்குள் போட வேண்டும். கரையேறினால் ஈரத்துணி மாற்ற அங்கே அறையா இருக்கிறது? ஒரு கழியை நட்டு அதில் சேலையைக் கட்டிவிடுவார்கள். சேலை பறந்தால் அந்தப் பக்கம் பெண்கள் துணி மாற்றுகிறார்கள் என்று அர்த்தம். படகில் வரும் ஆண்கள் படகைத் திருப்பி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் நைனா எதிர்காற்றில் மூச்சிரைக்கத் துடுப்புப் போட்டு, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் கல்லறையும் பூநாரையும் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவன் முழநீளக் கேமராவோடு புதரோரம் நின்றான். பறவையைப் படம் எடுக்கிறவன் என்றுதான் எங்கள் பெண்கள் நினைத்தார்கள். பூநாரை எந்தப் பக்கம் மேய்கிறது என்று அக்காவே கைகாட்டியிருக்கிறாள். கேமரா தங்கள் பக்கம் திரும்பியபோதும், பின்னால் பறவை இருக்கும்போல என்று சேலையைக் கட்டிவிட்டுத் துணி மாற்றினார்கள். ஒரே வாரத்தில் அந்த வீடியோ ஆரம்பாக்கம் டீக்கடை வரைக்கும் போய்விட்டது. அதில் அக்காவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிக்கொண்டே அடுத்தவனுக்கு அனுப்பினார்கள். கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கிறாய், அமுக்கிவிடு என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். எடுத்தவன் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தான்; ஏரிப்பக்கம் போகாமல் வீட்டுக்குள் அடைந்தவள் என் அக்கா.

ஆற்றமாட்டாமல் அன்னெகேயிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கே 'ஸ்ட்ராண்ட்' போனால் எல்லோரும் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கடற்கரையிலேயே மாற்றுகிறோம், உடம்பில் என்ன வெட்கம், உன் அக்காவிடம் சொல் என்றாள். நான் உடம்பைப் பற்றியா பேசினேன்? திருட்டைப் பற்றிப் பேசினேன். அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு டச்சு வரவில்லை. அவள் ஆறுதல் சொன்ன திருப்தியோடு போய்விட்டாள்.

தினமும் போனில் பேசிப் பேசி அக்காவைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். "வெட்டவெளில துணிய மாத்திட்டு, எடுத்துட்டான்னு வந்து நின்னா எப்டிமா? செவுரு இருந்துச்சா, கதவு இருந்துச்சா?" என்று கேட்டாராம் அங்கிருந்த அதிகாரி. சட்டம் சுவரைக் கேட்கவில்லை, ஐயா. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பெண் இயல்பாக நம்பக்கூடிய சூழலில் அவள் அந்தரங்கத்தைப் பார்ப்பதும் படமெடுப்பதும் குற்றம், பரப்புவதும் குற்றம் என்கிறது. படித்துப் பார்க்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

மறுநாள் அக்கா பொன்னேரியிலிருந்து ஒரு பெண் வக்கீலை அழைத்துக்கொண்டு திரும்பப் போனாள். கூடவே, அவன் படமெடுத்த அன்றைக்கு ஏரியில் இருந்த படகுக்காரர்களும் போனார்கள். அவர்களில் மூத்தவர் கன்னியப்பன் அண்ணன். "சேல கட்டியிருந்துச்சு சார். நாங்க படகத் திருப்பிக்கினோம். ஒண்ணும் பாக்கல" என்றார். பார்க்காதவன் என்னய்யா சாட்சி என்று அதிகாரி சிரித்தார்.

"அதான் சார் சாட்சி," என்றாள் அக்கா. "இத்தினி ஆம்பளைங்க பாக்காத இருந்தாங்களே, அதான் எங்களுக்குச் செவுரு. அத்த அவன் ஒட்ச்சிட்டான்னு எழுதிக்கோங்க."

வக்கீல் சட்டப் பிரிவை வாசித்துக் காட்டினார். வழக்குப் பதிவானது. இன்னும் நடக்கிறது, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அக்கா மட்டும் மறுவாரமே தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றே இந்த விடுமுறைக்கு ஊர் போனேன். பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு, ஜீன்ஸும் கறுப்புக் கண்ணாடியுமாக ஏரிக்கரைக்கு நடந்தேன். தூரத்தில் சேலை பறந்துகொண்டிருந்தது; கரையில் பூநாரை பார்க்க வந்த சிலர் நின்றிருந்தார்கள். வந்துவிட்டேன் என்று அக்காவுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். சேலைக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரு படகிலிருந்து, நான் வந்த வழியைப் பார்த்தபடி கன்னியப்பன் அண்ணன் குரல் கொடுத்தார். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவர்.

"யம்மா, போன உள்ள வையிங்க. அங்க எங்க பொம்பளைங்க துணி மாத்துறாங்க."

நான் மல்லிகா தங்கச்சி அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பூநாரை பார்க்க வந்தவர்களோடு நானும் சேலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.