சரியான டாக்டரைக் கேட்டுக் கட்டிய பிராது

போன தை மாதம் என் மனைவி சரோஜாவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டிகள் தெரிந்தன. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம். புற்றுநோயாக இருக்கலாம் என்றார் விருத்தாசலத்தில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாளே ஊரில் எல்லோரும் நிபுணர்களாகிவிட்டார்கள். பப்பாளி இலை என்றார் ஒருவர். பீங்கான் தொழிற்சாலை வைத்திருக்கும் என் மைத்துனன் குமார் பெருநகர் மருத்துவமனை ஒன்றைச் சொன்னான்.

"நம்ம தொழிற்பேட்டையில வந்து இலவச முகாம் போட்டாங்க மாமா. எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் குடுத்தாங்க."

ஆகவே நிபுணர்கள்! போனோம். கல்யாண மண்டபம் போல அலங்காரம், செண்ட் வாசனை. டாக்டர் சரோஜாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நாளைக்கே கீமோ என்றார். எந்த வகைப் புற்றுநோய் என்று கேட்டேன்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது பெரியவரே."

பெயர்ப்பலகையைப் பார்த்தேன். அவர் படித்தது அறுவைச் சிகிச்சை. வெளியே ஒரு பெண் 'பேக்கேஜ்' என்று ஆரம்பித்தாள். என்ன, சுற்றுலாவா? எழுந்து வந்துவிட்டோம்.

வந்தாகிவிட்டது. அடுத்து யாரிடம் போவது? நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனு எங்கே போக வேண்டும் என்று ஊருக்கே சொன்னவன். மனைவியை எங்கே கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் போனோம். எங்கள் பக்கத்தில் குறையுள்ளவர்கள் அந்த முருகனுக்குப் பிராது மனு எழுதி அங்குள்ள வேலில் கட்டுவார்கள். குறை தீர்ந்ததும் வந்து வாபஸ் வாங்குவார்கள். நானும் எழுதினேன். முகாம், செண்ட், பேக்கேஜ், ஒன்றையும் விடவில்லை. சரோஜா வாங்கிப் படித்தாள்.

"என்னங்க இது? எல்லாரையும் திட்டி வச்சிருக்கீங்க. நமக்கு என்ன வேணும்னு ஒரு வரிகூட இல்லியே?"

"சாமிக்குத் தெரியாதா?"

"சாமிக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேக்குறேன்."

கோரிக்கை இல்லாத மனுவை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியவன் நான். அதைக் கிழித்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: 'முருகா, சரியான டாக்டரைக் காட்டு.' கட்டும்போது அழுதுவிட்டேன்.

பக்கத்தில் வாபஸ் வாங்க வந்திருந்த கம்மாபுரத்துப் பெண் ஒருத்தி சரோஜாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கும் இப்டிதாங்க இருந்துச்சு. புதுச்சேரியில ரத்த நோய்க்குன்னே தனியாப் படிச்ச டாக்டரு இருக்காரு. மொத நாளு போனதும், 'முழுசா சோதிக்காம எதுவும் சொல்ல முடியாதும்மா'ன்னுட்டாரு."

எனக்கு அது போதும். அதுவரை ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை.

புதுச்சேரி போனோம். அந்த டாக்டர் கழுத்தையும் அக்குளையும் தொட்டுப் பார்த்தார். ரத்தத்தைத் தனிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் சரோஜாவிடமே சொன்னார்:

"கேன்சர்தாம்மா. ஆனா ரொம்ப மெதுவாப் போற வகை. இப்ப மருந்தே வேணாம். மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டுங்க. தேவைப்பட்டா அப்ப ஆரம்பிப்போம்."

"நாளைக்கே கீமோன்னாங்களே சார்?"

"எதுக்கும்மா?"

நோய் போய்விடவில்லை. ஆனால் கேட்டது கிடைத்தது. சரோஜா சமைக்கிறாள், சாப்பிடுகிறாள், டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தாயா என்று தம்பியைப் போனில் வம்புக்கு இழுக்கிறாள்.

கிருத்திகையன்று பிராதை வாபஸ் வாங்கினோம். முகாம்காரர்கள் மேல் எனக்குள்ள அருவருப்பை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் தினமும் விளக்கேற்றும்போது இப்போது வசவு வருவதில்லை, நன்றிதான் வருகிறது.

நோயோடு தவிப்பவர்களே, அந்த முருகனிடம் போங்கள். என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். டாக்டரிடமும் அப்படியே கேளுங்கள். 'உங்களுக்குப் புரியாது' என்றால் தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். சரியானவரைக் காட்ட அவன் இருக்கிறான்.