ஸ்லாஷ் அண்ணன் எடுத்த லீவு

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ஆபீஸில் எல்லாருக்கும் அவர் ஸ்லாஷ் அண்ணன்தான்.

எங்கள் மென்பொருளுக்கு ஒரு கான்ஃபிக் ஃபைல் உண்டு. தகவல்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்ற பாதையை அதில் எழுதவேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவன் நடுவில் போடும் ஸ்லாஷ் என்ற சாய்கோட்டை ஒரு பக்கம் சாய்ப்பான். மேக்கும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் மறுபக்கம் சாய்ப்பார்கள். ஃபோல்டர் பெயரில் ஓர் எழுத்து பெரியதா சிறியதா என்று விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, காலையில் முதலில் வருகிற மகராசன் தன் கணினியின் பாதையை எல்லாருக்கும் பொதுவான அந்த ஃபைலில் எழுதிவிட்டு காபி குடிக்கப் போய்விடுவான். மற்றவர்களுக்கு எதுவும் ஓடாது. "அண்ணே!" என்று நாலு மூலையிலிருந்தும் குரல் வரும். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிளம்புவார்.

இத்தனைக்கும் நிரந்தர வைத்தியம் அவருக்குத் தெரியும். முழுப் பாதையையும் எழுதாமல் பாதியை மட்டும் எழுதி, மீதியைப் புரோகிராமே தான் இருக்கும் இடத்திலிருந்து கண்டுபிடித்துக்கொள்ளச் செய்தால் எந்தக் கணினியிலும் ஓடும். அரை நாள் வேலை. ஏன் செய்யவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"செஞ்சுட்டா அப்புறம் என்னை எதுக்குப்பா வெச்சிருப்பாங்க?" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

அப்போதுதான் அண்ணிக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் வந்தது. "இந்த ஒரு தடவையாவது போன் அடிச்சதும் எழுந்து ஓடக்கூடாது. ஓடினீங்க, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லாமல் அண்ணன் அந்த அரை நாள் வேலையைச் செய்து முடித்தார். மூன்று வகைக் கணினியிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு லீவில் போனார்.

ஆபீஸில் ஒருவரும் கத்தவில்லை. மேனேஜர் காலி நாற்காலியைப் பார்த்து, "இவரு இங்க என்னதான் வேலை பாக்குறாரு?" என்று கேட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அண்ணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன்தான் பேயறைந்த மாதிரி இருந்தார்.

"ஒரு போன்கூட வரலைப்பா" என்றார். மேனேஜர் கேட்டதை மறைத்துவிட்டு, வாங்கிப்போன பழங்களை மேஜையில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மேனேஜர்தான். கத்தியது எனக்கே கேட்டது. "கஸ்டமர் வந்து உக்காந்திருக்காங்க, யாருக்கும் எதுவும் ஓடல! நான் ஒண்ணும் பண்ணலைங்க. அந்த ஃபைல்ல பாதை அரைகுறையா இருந்துச்சு. அவசரத்துல விட்டுட்டீங்க போலன்னு என் லேப்டாப்ல இருக்கிற மாதிரி முழுசா எழுதி வெச்சேன், அவ்வளவுதான்."

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எதையும் தொடாதீங்க சார், இதோ வந்துட்டேன்!" என்று செருப்பை மாட்டினார்.

அண்ணி தடுக்கவில்லை. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னப்பகூட உங்க முகம் இப்படி மலரலைங்க" என்றார்.

அதற்குள் அவர் பாதிப் படி இறங்கியிருந்தார். அண்ணி என் பக்கம் கையை நீட்டினார்.

"தம்பி, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. எங்க அக்காகிட்ட பேசணும்."