வாயால் போட்ட ஊசி

பொம்மை அண்ணன் என்றால்தான் அந்த ஆஸ்பத்திரியில் அவரைத் தெரியும். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் டாக்டர்கள் பயிற்சி எடுக்கக் கட்டிலில் கிடத்திய ரப்பர்க் குழந்தைக்கு மூச்சும் நாடித்துடிப்பும் கொடுப்பது அவர் வேலை. மைக்கில் அழுவதும் அவரே. ஐம்பத்தாறு வயதில் மூன்று வயதுக் குழந்தையாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அழுவது லேசுப்பட்ட காரியமா? வீட்டுக்குப் போனால் பேசக்கூடத் தெம்பிருக்காது. மனைவி, "அழுது முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை வைப்பாள்.

பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களும் வார்டில் நின்று நின்று ஓய்ந்துபோய்த்தான் வருவார்கள். மருந்தின் பெயரையும் அளவையும் சரியாகச் சொல்லி, "கொடுத்தாச்சு" என்பார்கள். ஊசி தட்டிலேயே கிடக்கும். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர்தானே, பொம்மைதானே என்று அவரும் விசையைத் தட்டிவிடுவார். மானிட்டரில் நாடி எண் ஏறும். எல்லோரும் நேரத்தோடு வீடு போய்ச் சேரலாம். நான்கு வருடமாக வண்டி இப்படித்தான் ஓடியது.

போன வாரம் வார்டில் ஒரு நிஜக் குழந்தைக்கு நாடி விழுந்தது. அவரிடம் பயிற்சி எடுத்த டாக்டர் பெண் ஒருத்தி, அளவு பிசகாமல் சொல்லி, "கொடுத்தாச்சு" என்று மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். மருந்து நிரம்பிய ஊசி அவள் கையிலேயே இருந்ததாம். பக்கத்திலிருந்த நர்ஸ் அதைப் பிடுங்கி மருந்தைச் செலுத்தியதால் குழந்தை பிழைத்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று அவளுக்கு மறுபரீட்சை. தேறினால்தான் திரும்ப வார்டுக்குள் விடுவார்கள். அழுது வீங்கிய முகத்தோடு வந்திருந்தாள்.

பொம்மையின் நாடி விழுந்தது. அளவைச் சொன்னாள். "கொடுத்தாச்சு."

ஊசி தட்டில் கிடந்தது. பழக்கதோஷத்தில் அவர் விரல் விசை வரைக்கும் போய்விட்டது. பாவம், இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் என்ன என்று மனசு கெஞ்சியது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். எண் இறங்கியது. அவள் இன்னும் சத்தமாக, "கொடுத்தாச்சு" என்றாள். நாற்பது. இருபது. பிறகு வெறும் கோடு.

பயிற்சியில் பொம்மை சாவது அதுவே முதல் தடவை. அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி, "சொன்னேனே அண்ணா" என்றாள்.

அவர் எழுந்து உள்ளே போனார்.

"சொன்னீங்க டாக்டரம்மா. இத்தனை நாளும் சொன்னதுக்கே பிழைக்க வெச்சேன் பாருங்க, அது என் தப்பு."

அவள் தேறவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அவள் தட்டிலிருந்த ஊசியை எடுத்து, செத்த பொம்மைக்குக் கடைசிச் சொட்டுவரை போட்டாள். வாயே திறக்கவில்லை.