சித்தி பொறுக்கிய குழல்

சிறு வயதில், எல்லாப் புல்லாங்குழலுக்கும் ஏலக்காய் வாசனை இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். என் குழலுக்கு இருந்தது. அதைச் சுற்றி வைத்திருந்த வெள்ளைத் துண்டுக்கும் இருந்தது. இப்போதும் அது எங்கள் பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால், அதே துண்டோடு கிடக்கிறது. திருமணமாகிப் பழனிசெட்டிபட்டிக்கு வந்தபோது, எடுத்துவருவதா, அம்மா வீட்டிலேயே விட்டுவிடுவதா என்று இரண்டு நாள் குழம்பிவிட்டு, கடைசியில் பெட்டியின் ஓரத்தில் செருகிக்கொண்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லாத மதியங்களில் எப்போதாவது துண்டை அவிழ்த்து முகர்ந்து பார்ப்பேன். ஊதமாட்டேன். குழலின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடுகிறது. விரலால் அதைத் தடவிவிட்டு மறுபடி சுற்றி வைத்துவிடுவேன்.

வாங்கிக் கொடுத்தவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் காய் பொறுக்கும் வேலை அவளுக்கு. காலையிலிருந்து முறத்தில் காயைப் பரப்பி வைத்துக்கொண்டு, வெடித்தது, வெளுத்தது, புள்ளி விழுந்தது என்று ஒதுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். ஜன்னல் வழியே சரிந்து விழுந்த வெயிலில் பச்சைப் பச்சையாகக் குவியல்கள், அவற்றின் நடுவே பெண்கள். சித்தி பக்கத்தில் இருந்தவளோடு சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தாள். அவள் விரல்கள் மட்டும் தனியாக, வேறு யாருடைய விரல்களோ போல, முறத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் காட்சி எனக்கு இன்னும் கனவில் வரும். கனவில் சத்தம் இருக்காது, வாசனை மட்டும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறித் தேனியில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அவள் உள்ளே வந்து உட்காரும் முன்பே வாசனை வந்து உட்கார்ந்துவிடும். நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம், பள்ளியில் எங்களுக்குக் குழல் சொல்லிக்கொடுத்த மிஸ், திருவிழாக் கடையில் வாங்கிய குழல் இனிப் போதாது, கச்சேரிக்காரர்கள் வைத்திருப்பது போல வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் சுமாரான விலையில் ஒன்று வாங்கிக்கொள் என்று சொல்லியிருந்தார். அப்பா தலையை ஆட்டினார். அதற்கு ‘ஆமாம்’ என்று அர்த்தம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சித்திதான், தீபாவளிக்கு மண்டியில் கொடுத்த பணம் அப்படியே இருக்கிறது, வா போகலாம் என்று என் கையைப் பிடித்துக் கிளப்பினாள்.

கடைக்காரர் ஏழெட்டுக் குழல்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். சித்தி ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பி நிறம் பார்த்தாள். மூக்கருகே வைத்து முகர்ந்தாள். புள்ளி இருந்ததை எல்லாம் இடப்பக்கமாக ஒதுக்கிவிட்டு, “இதுல எட்டு எம்எம் எது?” என்று கேட்டாள். ஏலக்காயில் சல்லடைக்கு மேலே நிற்கிற பெருங்காய்க்கு அந்தப் பெயர். அதற்குத்தான் விலை அதிகம். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஆத்தா, பிள்ளையை ஒரு தடவ ஊதிப் பாக்கச் சொல்லுங்க” என்றார்.

“அவ ஊதுறது இருக்கட்டும். சரக்கை நான் பாக்குறேன். இருவது வருசமாப் பொறுக்குற கை இது.”

அப்படித்தான் அந்தக் குழல் தேர்வானது. இருந்தவற்றில் நீளமானது, கனமானது, இலேசாகப் பச்சை ஓடியது, ஒரு புள்ளி இல்லாதது. துளைகள் தள்ளித் தள்ளி இருந்ததைக் கடைக்காரர் சுட்டிக்காட்டியபோது, “வளர்ற பிள்ளைதான, விரல் தானா நீளும்” என்று முடித்துவிட்டாள். வெளியே வந்ததும் தன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் குழலைச் சுற்றி, குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொள்ளச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து ஊதினேன். மேல் சுரங்கள் எல்லாம் நன்றாகப் பேசின. குழலின் அடிச் சுரமான கீழ்ப் பஞ்சமத்துக்கு எல்லாத் துளைகளையும் மூடவேண்டும். என் விரல்கள் எட்டவில்லை. எங்கோ ஒரு துளை ஓரத்தில் மூச்சு கசிந்து, சுரம் வராமல் வெறும் காற்றாகப் போனது. மறுநாள் முயன்றேன், அடுத்த வாரமும் முயன்றேன். நீளமான குழல் சின்னக் கைக்கு ஆகாது என்று மிஸ் சொன்னதை வீட்டில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. சித்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, “ஊது ஆத்தா” என்றாள். கீழே இறங்காத பாட்டாக ஒன்றைத் தேடி ஊதினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் அவள் விரல்கள் மெல்ல அசைந்தன, கேட்கிற சுரங்களையும் பொறுக்கிக்கொண்டிருப்பது போல. அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கீழே இறங்காத பாட்டுகள்தான்.

ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து காற்று வீசியபோது, பச்சை காயாத அந்த மூங்கில் ஒரு மதியத்தில் சன்னமாக வெடித்தது. ஊதாததற்கு நான் பரீட்சையைக் காரணம் சொன்னேன். பிறகு பத்தாம் வகுப்பைச் சொன்னேன். சித்தி ஒன்றும் கேட்கவில்லை. “படிப்புதான முக்கியம். தூசி படாமச் சுத்தி வையி, எங்கன போயிறப் போகுது” என்றாள். என் மகள் பிறந்து நாற்பதாவது நாள் வந்து பார்த்துவிட்டுப் போனவள், அடுத்த சித்திரையில் இறந்துபோனாள். அந்தக் குழலைப் பற்றி உண்மையைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருடம் இருந்தது. சொல்லியிருக்கலாமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மகளுக்கு இப்போது பத்து வயது. பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சரிடம் குழல் படிக்கிறாள். போன வருடம் அந்த டீச்சரும் என் மிஸ் சொன்ன அதையே சொன்னார்: பயிற்சிக் குழல் போதாது, அடுத்த குழல் வாங்குங்கள், ரொம்பச் செலவு வேண்டாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கடையில் நாலு குழல்தான் இருக்கும், போனில் நாற்பது பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். மூங்கில், நீளம், எத்தனை கட்டைச் சுருதி, நூல்கட்டு, விலை. வாங்கியவர்கள் எழுதியிருந்த கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்தேன். ஒருவர் தேன் என்றார், அடுத்தவர் தண்டம் என்றார். மூன்று வாரம் ஆயிற்று. காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் என் கணவர், “டர்பைன் வாங்குறவுக கூட இம்புட்டு யோசிக்க மாட்டாக” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் ஒன்றும் சித்தி போல நிறம் பார்த்து வாங்கவில்லை. நன்றாகக் காய்ந்த மூங்கிலா, சுருதி சரிபார்த்ததா என்றெல்லாம் கேட்டு எழுதி, பதில் வாங்கித்தான் முடிவுசெய்தேன். கடைசியில் இரண்டு அளவு மிஞ்சின. சீருடை வாங்கும்போது மடித்துத் தைக்க இடம் விட்டு ஒரு அளவு கூட்டி வாங்குவோம் இல்லையா, அதே கையோடு போனில் பெரியதை அழுத்திவிட்டேன். வளர்கிற பிள்ளை. இன்னொரு முறை செலவு செய்ய நம்மால் ஆகாது.

குழல் வந்த நாளிலிருந்து அவளைத் துளைத்தெடுத்தேன். பள்ளிக்குப் போகும்போது, வந்ததும், சாப்பிடும்போது. நல்லா இருக்கா? நல்லா இருக்கும்மா. சத்தம் சரியா வருதா? வருதும்மா. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில், ஒரே சிரிப்பு. எனக்கு நிம்மதியாகவே இல்லை. பதில் சரியாக இருந்தும் ஏன் நிம்மதி வரவில்லை என்பதும் புரியவில்லை.

ஒரு சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மலைப்பக்கம் மேகம் இறங்கி, வீரபாண்டி வயல்களின் பச்சை மங்கிக்கொண்டிருந்தது. கீழே அவள் ஊதிக்கொண்டிருந்தாள். இனிமையாகத்தான் இருந்தது. கொடியில் துணிகள் அந்தப் பாட்டுக்கே ஆடுவது போல இருந்தது. கேட்டுக்கொண்டே நின்றபோது மெதுவாக ஒன்று உறைத்தது. பாட்டு கீழே வரும், தரை தொடப்போகும் நேரத்தில் திரும்பி மேலே ஏறிவிடும். மறுபடி வரும், மறுபடி ஏறிவிடும். நாலைந்து மாதமாக இந்த வீட்டில் எந்தப் பாட்டும் கீழே இறங்கவே இல்லை. துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணை மூடியிருந்த சித்தியின் முகம் எதிரே வந்து நின்றது. இந்தத் தடவை கேட்கிற இடத்தில் நான் இருந்தேன்.

கீழே போய் அவளிடம் நேராகக் கேட்டால், நல்லா இருக்கும்மா என்றுதான் சொல்வாள். அதனால் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து துண்டோடு என் குழலை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். சித்தி வாங்கிக் கொடுத்தது, அம்மா அந்தக் காலத்தில் ஊதியது என்று மட்டும் சொன்னேன். அவள் வெடிப்பைப் பார்த்தாள், முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். வாயில் வைத்து, விரல்களைப் பரப்பி, கடைசித் துளைவரை எட்ட முயன்றாள். எட்டவில்லை.

“இது என்னோடது மாதிரியே இருக்கும்மா” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உடனே குழலைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

“கீழ வரமாட்டேங்குதா?”

அவள் குழலை மறுபடி துண்டில் சுற்றினாள். பிறகு, “நீ நோட்டெல்லாம் போட்டு வாங்குன. அதான்” என்றாள்.

சித்தியிடம் நான் ஒருநாளும் சொல்லாததை, என் மகள் ஐந்து சொல்லில் சொல்லி முடித்துவிட்டாள். நானும் இதையேதான் செய்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். “அந்தப் பாட்டி திட்டுவாங்களா?” என்று கேட்டாள். இல்லை, திட்டவே மாட்டாள், அதனால்தான் என்றேன். அவளுக்கு அது புரிந்தது.

டீச்சரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் எங்களைத் திட்டவில்லை. கல்லூரியில் படிக்கும் தன் மாணவி ஒருத்திக்குச் சரியாக அந்த அளவுதான் வேண்டும் என்றார். அவள் எங்கள் குழலை எடுத்துக்கொண்டு கொடுத்த தொகையில் வாங்கக்கூடியதை மட்டும் பார்ப்பது என்று முடிவுசெய்து, தேனியில் உள்ள ஒரு சின்னக் கடைக்கு மகளோடு போனேன். நான் நினைத்தது போலவே நாலு குழல்தான் இருந்தன. நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தது. நாலில் ஒன்று சிவப்பு நூல் கட்டி, மெருகேறி, பார்க்கவே அழகாக இருந்தது. என் கை தானாக அதன் பக்கம் போனது. இழுத்துப் பையின் வாருக்குள் விட்டுக்கொண்டேன். “நீ ஊதிப் பாரு. நான் வாசல்ல நிக்கிறேன்” என்றேன்.

வாசல் படியில் நின்றேன். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. காற்று ஒரு காகிதத்தைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு குழல், இன்னொரு குழல், இடையில் நீண்ட மௌனம். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று எதிர்ப்பக்கத்துப் பழக்கடையில் அடுக்கியிருந்த திராட்சைக் கொத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பாட்டு எழுந்தது. மேலே போனது, சுற்றியது, கீழே வந்தது. திரும்பி ஏறிவிடும் என்று என் உடம்பே எதிர்பார்த்தது. ஏறவில்லை. இன்னும் ஒரு படி இறங்கி, கீழ்ப் பஞ்சமத்தில் வந்து உட்கார்ந்தது. அங்கேயே இருந்தது.

அவள் கொண்டுவந்து காட்டியது இருந்தவற்றில் குட்டையானது. நடுவில் காப்பிக்கொட்டை அளவுக்கு ஒரு கரும்புள்ளி. சித்தியாக இருந்தால் முதலில் ஒதுக்கியிருப்பாள். நல்லா இருக்கா என்று கேட்க வாய் வந்துவிட்டது. கேட்காமல், கடைக்காரரிடம் கட்டிக் கொடுக்கச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் கணவர் என் பழைய குழலைக் கையில் எடுத்து வெடிப்பைப் பார்த்தார். கருவிப்பெட்டியிலிருந்து நீல இன்சுலேஷன் டேப்பை எடுத்து, காற்றாலை ஒயருக்குச் சுற்றுவது போல இறுக்கிச் சுற்றினார். பார்க்கக் கோரமாக இருந்தது. எல்லோரும் மாடிக்குப் போனபிறகு நான் மட்டும் அறையில் உட்கார்ந்து அதை எடுத்தேன். ஒவ்வொரு துளையாக மூடினேன். கடைசித் துளைவரை விரல் போனது, சிரமமில்லாமல், எப்போதும் அங்கேயே இருந்தது போல. சித்தி சொன்னது சரிதான், விரல் தானாக நீண்டிருந்தது. நான்தான் அதற்குள் ஊதுவதை விட்டிருந்தேன்.

ஊதினேன். முதலில் காற்று. பிறகு, தொண்டை கட்டியவர் பேசுவது போல, தாழ்வாக அந்தச் சுரம் வந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கேட்கக் கிடைக்காத சுரம். மூச்சு தீரும்வரை அதையே பிடித்திருந்தேன். மூச்சின் சூட்டில் மூங்கில் மெல்ல இளகி, உள்ளிருந்து ஏலக்காய் வாசனை வந்தது.