பெட்டியை இழுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தவர்

செய்தி வந்தபோது நான் ஸ்ரீரங்கத்திலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: "ஸ்டெல்லா அக்கா தவறிட்டாங்க." நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் முந்தின நாள்தான் அவரே குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "சனிக்கிழமை டூட்டிக்கு வந்துருவேன், என் நாற்காலிய யாரும் எடுத்துறாதீங்க." அந்தப் பதிவைப் பஸ்ஸிலேயே இன்னொரு முறை கேட்டேன். பின்னால் யாரோ அவரிடம் பேசாமல் படுங்க என்று சொல்வதும், அவர் சிரிப்பதும் கேட்டது.

அவருடைய முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாலக்கரைத் தெருக்காரர்கள் அவரைக் கோயில் பாடகர் குழுவில் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது வேறொரு இடத்தில். விமான நிலையத்தில், பெட்டி வந்து சேராதவர்கள் புகார் கொடுக்கும் கவுன்ட்டரில், நாலு வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் நான் வாயே திறக்கவில்லை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆங்கில இலக்கியம் படித்தேன். பட்டம் இருந்தது, பேச்சு வரவில்லை. பயணிகள் கோபமாக வந்தால் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். அக்கா பிளஸ் டூ வரை படித்தவர். என்னை அவர் ஒரு நாளும் அதட்டியதில்லை, உபதேசம் செய்ததும் இல்லை. "வாணி, நீ டைப் அடி. சண்டைய நான் பாத்துக்கறேன்" என்று வேலையைப் பிரித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ஒரு மதியம் கூட்டம் இல்லாத நேரம். தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்து அவர் கேட்டார்: "ஏம்மா, லக்கேஜ் லக்கேஜ்னு இருபது வருஷமா சொல்லிட்டிருக்கேன். அது எங்கேருந்து வந்த வார்த்தை?"

"பெட்டி, படுக்கை, மூட்டை முடிச்சுக்கா."

"அது எனக்கும் தெரியும். நீ இங்கிலீஷ் லிட்ரேச்சர்தான? எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லு."

எனக்குத் தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது. அன்று வீட்டுக்குப் போய்க் கல்லூரியில் பரிசாகக் கிடைத்த அகராதியைப் புரட்டினேன். மறுநாள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். 'லக்' என்றால் கனமான ஒன்றைச் சிரமப்பட்டு இழுப்பது. வடக்கே ஸ்காண்டிநேவியா பக்கத்து மக்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கலாம் என்கிறார்கள். அதோடு, 'பேக்கேஜ்' என்ற சொல்லின் வாலைப்போல ஒரு வாலைச் சேர்த்து லக்கேஜ் ஆக்கிவிட்டார்கள். பெட்டி என்றோ பை என்றோ அதில் எங்குமே இல்லை. இழுத்துக்கொண்டு வரப்படுவது, அவ்வளவுதான் பொருள். ஸ்வீடன் மொழியில் இதற்கு உறவான ஒரு சொல்லுக்குத் தலைமுடியைப் பிடித்து இழுப்பது என்று அர்த்தம்.

கடைசி வரியைக் கேட்டதும் அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தார். "எங்க தெருக் குழாயடியில தினம் நடக்குறது அதான!" சிரித்து முடித்துவிட்டு என் தாளை வாங்கித் தானே ஒரு முறை படித்தார். பிறகு சொன்னார்: "அப்ப நாம தப்பால்ல கேட்டுட்டிருக்கோம்? பெட்டி எப்படி இருக்கும்னு கேக்கறோம். எப்படி இழுத்தீங்கன்னுல்ல கேக்கணும்."

இது ஏன் பெரிய விஷயம் என்று எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களிடம் பெட்டியின் அடையாளம் கேட்டால் ஒரே பதில்தான்: "கறுப்புப் பெட்டிங்க, பிடியில மஞ்சத்துணி கட்டியிருக்கும்." சமயபுரத்தில் வேண்டிக்கொண்டு வாங்கிய துணி. தன் பெட்டி தனியாகத் தெரியவும் ஆகும், ஆத்தா காவலும் ஆகும் என்று கட்டுவார்கள். பெல்ட்டில் பத்துக் கறுப்புப் பெட்டி வந்தால் ஆறில் மஞ்சள் துணி இருக்கும். "ஆத்தா எல்லாரையும்தான் காப்பாத்துறா, நமக்குத்தான் எது யாருதுன்னு தெரிய மாட்டேங்குது" என்பார் அக்கா.

அன்றிலிருந்து அவர் கேள்வியை மாற்றினார். "இழுக்கும்போது எந்தப் பக்கம் ஓடும்? சக்கரம் கத்துமா? படியில தூக்கும்போது எங்க பிடிப்பீங்க?" நிறம் கேட்டால் திணறுகிறவர்கள் இதற்குப் படபடவென்று பதில் சொன்னார்கள். பின் சக்கரம் கல் மாட்டினதுபோலக் கடகடக்கும், பிடி பாதிதான் மேலே வரும், நிறுத்தினால் முன்பக்கம் கவிழும். பெட்டியைக் கண் மறந்துவிடுகிறது, கை மறப்பதில்லை. படிவத்தின் அடியில் காலியாக இருந்த இரண்டு வரிகளில் இதையெல்லாம் என்னை எழுதச் சொல்வார்.

ஒரு காலையில் வந்த செல்வராசு என்பவரை நான் மறக்கவே முடியாது. மணப்பாறை பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருடைய பெட்டி வந்துவிட்டது. வராதது இன்னொரு பெட்டி. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் அங்கே இறந்துபோயிருந்தார். உடல் முன்பே ஊர் வந்து அடக்கமும் ஆகிவிட்டது. அவருடைய துணிமணிகளைப் பெட்டியில் போட்டு இவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை வாங்கிக்கொள்ள அந்த நண்பரின் மனைவியும் அப்பாவும் விடியற்காலைப் பஸ் பிடித்து வந்து வெளியே கண்ணாடிக் கதவருகே நின்றிருந்தார்கள்.

"வெறுங்கையோட எப்படிங்க அந்தப் புள்ள முகத்துல முழிப்பேன்?" என்றார் செல்வராசு.

டேக் சீட்டு கிழிந்துபோன பெட்டிகள் என்று அன்று ஐந்து ஒதுங்கியிருந்தன. ஐந்தும் கறுப்பு. நாலில் மஞ்சள் துணி. செல்வராசு சொன்னதும் அதே அடையாளம்தான்: கறுப்புப் பெட்டி, மஞ்சள் துணி. உள்ளே இருப்பதை உரியவர் சொன்னால்தான் கஸ்டம்ஸ் அதிகாரி முன்னால் திறக்கலாம். செல்வராசுக்கு அது தெரியவில்லை. அடுக்கியவர்கள் வேறு ஆட்கள். புகார் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுங்கள், ஒரு வாரத்தில் பார்க்கலாம் என்று எங்கள் மேலாளர் சொல்லிவிட்டார்.

அக்கா அவரைப் போகவிடவில்லை. "அண்ணே, உள்ள இருக்கறது தெரிய வேணாம். ரூம்லேருந்து ஏர்போர்ட் வரைக்கும் இழுத்துட்டு வந்தது நீங்கதான? எப்படி வந்துச்சு அது?"

அவர் யோசிக்கவே இல்லை. "இடப்பக்கமே ஓடும்ங்க. நேரா வரணும்னா மணிக்கட்டை இப்படித் திருப்பிப் பிடிக்கணும். பாதி வழியில கை கடுத்துப்போச்சு."

அக்கா எழுந்தார். ஐந்து பெட்டிகளையும் நீண்ட நடைபாதைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பினார். மூட்டுவலிக்காரர், மூன்றாவது பெட்டியிலேயே மூச்சு வாங்கியது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், பெட்டிக்கு வாக்கிங்கா?"

"ஆமா சார், சுகர் இருக்குதாம்" என்றார் அக்கா, நிற்காமலே.

நாலாவது பெட்டி போகப் போகச் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. அதில் மஞ்சள் துணி கூட இல்லை. செல்வராசு சொன்ன அடையாளம் தன் சொந்தப் பெட்டியின் அடையாளம். பதற்றத்தில் இரண்டையும் குழப்பியிருந்தார். பிடியை அவர் கையில் கொடுத்தார் அக்கா. நாலு எட்டு இழுத்தவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "இதாங்க. இதேதாங்க."

அதோடு அக்கா விட்டுவிடவில்லை. கை சொன்னது நமக்குப் போதும், காகிதத்துக்குச் சாட்சி வேண்டும் என்றார். வெளியே இருந்த மனைவிக்குப் போன் போட்டு, ஊருக்குக் கொண்டுவர எதையாவது வாங்கி வைத்திருப்பதாக அவர் வீட்டுக்காரர் சொன்னாரா என்று கேட்டார். "பாப்பாவுக்கு நீலக் கலர்ல ஸ்கூல் பேக் வாங்கி வச்சிருக்கேன்னு சொன்னாருங்க." அதிகாரி முன்னால் திறந்தோம். மடித்த சட்டைகளுக்கு மேலே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், நீலப் பை இருந்தது. மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே கொண்டுபோய்க் கொடுக்க அக்கா என்னை அனுப்பினார். நான் தயங்கினேன். "எனக்குப் பேச வராதுக்கா."

"அதனாலதான் உன்னை அனுப்பறேன். நான் போனா ஆறுதல் சொல்றேன்னு எதையாவது உளறி வைப்பேன்."

செல்வராசுக்குப் பின்னாலேயே பெட்டியைக் கொண்டுபோனேன். மாமனார் வாங்க வந்தார். அந்தப் பெண் விடவில்லை. "நான் இழுத்துட்டு வரேன் மாமா." பிடியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "சீட்டு கிழிஞ்சுபோச்சுன்னாங்களே. இத்தனை பெட்டியில இதுதான்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

முன்பின் தெரியாதவர்கள் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. அன்று எழும்பியது. "உள்ள ஸ்டெல்லா அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்கதான் ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்துக் கண்டுபிடிச்சாங்க." டிராலிக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். என்னைப் பற்றிய பேச்சாக இருந்திருந்தால் வாயே திறந்திருக்காது. அவரைப் பற்றியது என்பதால் வெட்கம் வரவில்லை.

அக்கா இல்லாத கவுன்ட்டரில் இப்போது அந்தக் கேள்விகளை நான் கேட்கிறேன். அது எல்லாருக்கும் அவர் விட்டுப்போனது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அன்று அந்த வாசலில் எனக்கு வந்த பெருமையை. அவரைப் பற்றி யார் கேட்டாலும் அதே சத்தத்தில்தான் சொல்வேன்.