ஒரு விரல் காணும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, குருநகரிலிருந்து அந்தோனிப்பிள்ளை அண்ணையின் மருமகன் சைக்கிளில் வந்து கடை வாசலில் இறங்கினார். "மாமா மோசம் போயிட்டார்" என்று சாவுச் செய்தி சொன்னார். கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். அழுகைக்கு முன்னால் எனக்கு வெட்கம் வந்தது. ஏன் என்பதை, அவரை அறிந்த ஊர்ச்சனம் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

எங்களுடையது நீரிறைக்கும் இயந்திரங்களின் உதிரிப்பாகக் கடை. அங்கே வேலைக்கு நின்ற அண்ணைக்கு இடக்கை முழங்கையோடு சரி. மிச்சத்தை வள்ளத்து இயந்திரம் கொண்டுபோனது. ஆனாலும் எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்று அவருக்குத்தான் தெரியும். சண்டையால் ஊரில் மின்சாரம் நின்றுபோவதற்கு நாலு வருடம் முன், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக இருக்கவிட்ட நான், கொழும்பிலிருந்து ஒரு கொம்பியூட்டர் கொண்டுவந்தேன். சாமானின் இலக்கத்தை அடித்தால் அது இருக்கும் தட்டைச் சொல்லும். ஆனால் ஒவ்வொரு முறையும் விசைப்பலகையின் இரு மூலைகளிலுள்ள இரண்டு விசைகளை ஒன்றாக அழுத்த வேண்டும்.

"தம்பி, உதுக்கு என்னோடை கோவமோ? ரெண்டு கை கேக்குது" என்று அண்ணை சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "அப்ப நீங்கள் பின்னாலை களஞ்சியத்தைப் பாருங்கோ" என்றேன். பதினெட்டு வருடம் நின்ற மேசையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார்.

முதல் நாள் ஒரு தோட்டக்காரர் கடதாசியில் சுற்றிய உடைந்த சாமானை நீட்டினார். "இலக்கம் என்ன?" என்று கேட்டேன்.

"இலக்கம் தெரிஞ்சா உன்னட்டை ஏன் வாறன்? தண்ணி இழுக்குதில்லை, வெங்காயம் வாடுது. அண்ணை எங்கை?"

நாலாம் நாள் முன்கதவில் ஈ ஓட்டினேன். பாதிப்பேர் எதிர்க்கடைக்குப் போயிருந்தார்கள். மிச்சப்பேர் எங்கே என்று பின்பக்கம் போய்ப் பார்த்தால், ஒழுங்கைப் பாதை நிறையச் சைக்கிள். களஞ்சியக் கதவில் அண்ணை ஒற்றைக் கையால் சாமான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன செய்யிறது அண்ணை?"

"சனம் இலக்கத்தோடை வாறேல்லைத் தம்பி, கரைச்சலோடை வருது. தண்ணி இழுக்குதில்லை எண்டா ஒண்டை அமத்திறது, புகை கக்குது எண்டா ரெண்டை. அப்பிடிக் கேக்கச் சொல்லும் உந்தப் பெட்டியை. ரெண்டு கை வேண்டாம், ஒரு விரல் காணும்."

அன்றே கொப்பித்தாளில் பட்டியல் எழுதித் தந்தார். கொம்பியூட்டருக்குப் புறோகிராம் எழுதித் தந்தவர் அதன்படி மாற்றினார். அண்ணை மேசைக்குத் திரும்பினார். சனம் முன்கதவுக்குத் திரும்பியது. எதிர்க்கடையின் ஆட்களும் சேர்ந்து வந்தார்கள்.

அதுதான் என் தலையில் ஏறிவிட்டது. வியாபாரிகள் கூட்டமொன்றில், "இந்த ஒரு விரல் முறை என்ரை யோசனை" என்று மைக்கில் சொன்னேன். வந்து கதிரையில் இருந்ததும், கூட வந்திருந்த மகள் கேட்டாள்: "அப்பா, உது அண்ணை மாமா சொன்னதெல்லே?"

"சும்மா இரு பிள்ளை."

பின்வரிசையில் அண்ணை, கைதட்ட வழியில்லாமல், தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். வெளியில் வந்ததும், "நல்லாக் கதைச்சீர் தம்பி" என்றார். அது கேலியா என்று இன்றும் தெரியாது. கேலியாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மின்சாரம் நின்று கொம்பியூட்டர் சாக்குக்குள் போய் ஐந்து வருடமாகிறது. அண்ணையின் பட்டியலை மட்டையில் ஒட்டி மேசையில் வைத்திருக்கிறேன்; இன்றும் அதைப் பார்த்துத்தான் சாமான் கொடுக்கிறேன். அன்று கூட்டத்தில் காட்டவென்று அதன் தலைப்பில் என் பெயரை எழுதியிருந்தேன். செத்தவீட்டால் வந்து அந்தப் பெயரை வெட்டிவிட்டு, அந்தோனிப்பிள்ளை என்று எழுதினேன். இத்தனை வருடம் தள்ளிப்போட்ட வேலை. ஒரு கை போதுமாக இருந்தது.