காரணம்: ஜாலி

நாகப்பட்டினம் போக வேண்டுமென்றால் அப்போதெல்லாம் வீட்டில் யாராவது சாக வேண்டும். காரைக்கால் இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. வாஞ்சூரில் இந்திய எல்லைச் சாவடி. கையில் பெர்மிட் இருந்தாலும் காரணம் கேட்பார்கள். சாவு, கல்யாணம், வைத்தியம் என்று ஒன்றைச் சொன்னால் விடுவார்கள். சாவுக்குத்தான் மரியாதை அதிகம் என்பதால், ஊரே தன் அத்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கூட்டாளியும் சைக்கிளில் கிளம்பினோம். அவன் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார். நான் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவன். நாகப்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து புளியோதரை தின்பது திட்டம். ஜாலியாக இருக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். 'ஜாலி' என்ற சொல் இங்கிலீஷே இல்லை என்றான் அவன். கொண்டாட்டமாக இருப்பதைப் பழைய பிரெஞ்சுக்காரன் அப்படிச் சொன்னானாம். இங்கிலீஷ்காரன் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பிரெஞ்சுக்காரனிடம் இப்போது மிஞ்சியிருப்பது 'அழகு' என்ற பொருள்தானாம்.

சாவடியில் கூட்டாளி முகத்தைத் தொங்கப்போட்டுத் தன் பெரியம்மாவைக் கொன்றுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அடுத்து நான்.

"எதுக்குப் போறீங்க?"

"ஜாலிக்குங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். ஜாலிக்கு ஆட்கள் அந்தப் பக்கமிருந்துதான் எங்கள் ஊருக்கு வருவார்கள், அங்கே மதுவிலக்கு. இங்கிருந்து போகிறவன் இடுப்பில் பாட்டில் கட்டியிருப்பான் என்பது அவர் கணக்கு. தடவிப் பார்த்தார். என் இடுப்பில் எலும்புதான் இருந்தது. புளியோதரை இருந்த தூக்குவாளியையும் திறந்து முகர்ந்தார். கடல் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"ஏன், காரைக்கால்ல கடல் இல்லியா?"

"இருக்குங்க. அதைப் பாத்தாச்சு."

பிறகு மனம் இரங்கி, யாராவது செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போகும்படி அவரே வழி சொன்னார். அந்தப் பக்கமிருந்து கூட்டாளியும் கையை ஆட்டிக் கெஞ்சினான். எனக்கு வீம்பு வந்துவிட்டது. நான் கொஞ்சம் சந்தோஷமாக இருப்பதற்கு வீட்டில் பிணம் விழ வேண்டுமா? அந்தச் சொல் எத்தனை எல்லை தாண்டி என் வாய்க்கு வந்திருக்கிறது! அதை எவனாவது காரணம் கேட்டானா?

"யாரும் சாகலீங்க. ஜாலிக்குத்தான்."

"அப்பத் திரும்பிப் போங்க."

போகவில்லை. அவர் கண்ணெதிரே, எங்கள் எல்லைக்குள் ஒரு பனைமர நிழலில் உட்கார்ந்து வாளியைத் திறந்தேன். சற்று நேரத்தில் கூட்டாளியும் திரும்பி வந்தான். பெரியம்மா பிழைத்துக்கொண்டாள் என்று அதிகாரியிடம் சொன்னானாம். அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டே, வெயில் சாயும்வரை இருவரும் வேண்டுமென்றே சத்தமாகச் சிரித்துச் சாப்பிட்டோம்.

பிரெஞ்சுக்காரன் போனபின், கேட்பாரில்லாமல் நாகப்பட்டினம் போய்க் கடலைப் பார்த்தேன். அதே கடல்தான். அந்த அதிகாரியிடம் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.